பரீட்சைக்கு வைத்திருந்த நெஞ்சு

பரீட்சை நாளில் எங்கள் வார்ட்டில் நோயாளிகளுக்குப் பால் விட்ட தேத்தண்ணீர் கிடைக்கும். மற்ற நாட்களில் வெறும் சாயம்தான். அன்றைக்கு உடுக்கப் புதுச் சாரம், வெளுத்த விரிப்பு, மத்தியானம் கோழிக்கறி. மரண விசாரணைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஐயா நினைக்கலாம். மீரா சாஹிப் கடைசியாகக் குடித்தது அந்தத் தேத்தண்ணீர்தான். அதனால் சொன்னேன்.

எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணினால் மட்டும் ஒருவன் டொக்டராகிவிட முடியாது. கடைசியில் அவனை ஒரு நோயாளியின் கட்டிலடியில் நிறுத்துவோம். நோயாளி தன் நோய் என்னவென்று சொல்லக்கூடாது. பையன் தொட்டு, தட்டி, குழாய் வைத்துக் கேட்டு, என்ன நோய், என்ன வைத்தியம் என்று எங்களுக்குச் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் லைசென்ஸ். அதற்கேற்ற நோயாளிகளைப் பார்த்து வைப்பது சில வருஷங்களாக என் பொறுப்பு. டொக்டர் றேமண்ட் நல்ல கேஸ் வைப்பார் என்று எனக்குப் பெயர்.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். அப்பா துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமந்தார். வரிசை வீடுகள் நெருக்கிய எங்கள் தோட்டத்து ஆண்கள் எல்லோருக்கும் பிடரியில் காய்ப்பு இருக்கும். தூக்குமுன் அப்பா மூட்டையை விரலால் தட்டிப் பார்ப்பார். நனைந்த மூட்டை கனம், முதுகை முறித்துவிடும். அந்த முதுகு கடைசியில் ஒரு அரைகுறை வைத்தியனின் கையில் போனது. நெஞ்சில் சளி என்று எண்ணெய் தேய்த்தே ஆளை முடித்தான். தகுதியில்லாதவன் நோயாளியைத் தொடக்கூடாது என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

இனி ஹியூபேட். பரீட்சைக்கு வந்த வெள்ளவத்தைப் பையன். தகப்பன் கவர்மெண்டில் பெரிய கிளாக்கர். ஏற்கனவே இரண்டு தரம் பெயில். இந்த முறையும் போனால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவனுக்குக் காது மந்தம். அதை மறைத்து வைத்திருந்தான். கதைக்கிறவர்களின் உதட்டையே பார்ப்பான். தன் குரல் எவ்வளவு பெரிதென்றும் அவனுக்குத் தெரியாது. ஒருநாள் நான் வராந்தாவில் வரும்போது கூட்டாளிமாருக்குச் சொல்கிறான்:

“மச்சான், மூட்டை டொக்டர் வாறார். அவர் தட்டுற தட்டில உள்ளுக்கு இருக்கிறது நாட்டரிசியா, ரங்கூன் அரிசியா எண்டும் சொல்லிப்போடுவார்.”

எல்லோரும் சிரித்தார்கள். தாதிமாரும் சிரித்தார்கள். நல்ல பகிடிதான். எனக்குக் கோபம் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செவிட்டு டொக்டர் ஊருக்கு ஆபத்து. மேலிடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் கோள் சொல்வது என் பழக்கமில்லை. பரீட்சையே அவனைப் பிடிக்கட்டும் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை மீரா சாஹிப் வந்தார். மாளிகாவத்தையில் தையல்காரர். மூச்சு முட்டி வந்தவர், அப்படியும் வாய் ஓயவில்லை. நான் நெஞ்சைத் தட்டும்போது, “தட்டுங்கோ தொரே, தட்டுங்கோ. உள்ளுக்கு ஆள் ஈக்கி. கதவுதான் தொறக்க ஏலா” என்றார். வார்ட்டே சிரித்தது. இடது பக்கம் முரசு மாதிரி. வலது பக்கம் மேலிருந்து கீழ்வரை நனைந்த மூட்டை. அந்தப் பக்க நெஞ்சு முழுக்கத் தண்ணீர். தட்டுகிற சத்தத்தைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் அகப்படுகிற நோய்.

சிஸ்டர் பிறிஜெற் பெரிய ஊசியும் கோப்பையுமாக வந்து நின்றார்.

“திங்கட்கிழமை பரீட்சை வரைக்கும் இருக்கட்டும், சிஸ்டர்.”

“டொக்டர், அவர் படுக்கவும் ஏலாமல் இருக்கிறார்.”

“சாய்ந்து இருந்துகொண்டு நித்திரை கொள்ளட்டும்.”

தண்ணீரை எடுத்துவிட்டால் தட்டிப் பார்க்க என்ன இருக்கும்? அப்படிச் சுத்தமான கேஸ் லேசில் கிடைக்காது. சனிக்கிழமை அவர் மனைவி றஸ்மியா என்னை மறித்து, “தொரே, தண்ணிய எப்ப எடுக்கிய?” என்று கேட்டாள். திங்கட்கிழமை பெரிய டொக்டர்மார் எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள் என்றேன். அது பொய்யில்லை. கையெடுத்து துஆ கேட்டுவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மீரா சாஹிப்பின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பகிடி இல்லை. நான் அவருடைய கட்டிலை ஜன்னலடிக்கு மாற்றச் சொன்னேன். காற்று வரட்டும் என்று.

திங்கட்கிழமை அந்தக் கட்டிலை ஹியூபேட்டுக்குக் கொடுத்தேன். அவன் குழாயை வைத்தான், எடுத்தான், மடித்துச் சட்டைப்பையில் போட்டான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தட்டத் தொடங்கினான். மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எழுந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மேசையில் வெள்ளைக்காரப் பரீட்சகர் கேட்டார். அவன் சொன்னான்: வலது நெஞ்சு முழுக்கத் தண்ணீர், இதயத்தை இடப்பக்கம் தள்ளிவிட்டது, உடனே எடுக்கவேண்டும்.

“மிகச் சரி” என்றார் துரை.

“சேர், இப்போதே எடுக்கவேண்டும்.”

“அதுதான் மிகச் சரி என்றேனே.” புள்ளி போட்டுவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

ஹியூபேட் வராந்தாவில் என் கையைப் பிடித்தான். “சேர், நான் பரீட்சைக்கு விடை சொல்லேல்ல. அந்த மனிசன் சாகப் போறார்.”

“உனக்கு எப்பிடிக் கேட்டது?” என்றேன்.

என் உதட்டைப் பார்த்தான். அவன் காதைப் பற்றி நான் தெரிந்துகொண்டேன் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. “கேக்கேல்ல, சேர். விரலுக்குத் தெரிஞ்சது. நீங்க தட்டுறதைப் பாத்துத்தான் பழகினனான்.”

அதை யோசித்துப் பார்க்க எனக்கு அப்போது நேரமில்லை. அடுத்த பையன் காத்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தால், ஹியூபேட் ஊசித் தட்டோடு ஜன்னலடிக் கட்டிலுக்குப் போகிறான். தட்டைப் பறித்தேன்.

“பாஸ் லிஸ்ற் பின்னேரம்தான் ஒட்டுவாங்கள். அதுவரைக்கும் நீ டொக்டர் இல்லை. ஊசி வைச்சால் பொலிசுக்குத்தான் போவாய்.”

“அப்ப நீங்க வையுங்கோ, சேர். கும்பிட்டுக் கேக்கிறன்.”

“இன்னும் ஆக்கள் இருக்கினம். எல்லாருக்கும் ஒரே கேஸ்தான் குடுக்கவேணும்.”

நியாயமான பதில்தானே, ஐயா? ஒருவனுக்குத் தண்ணீரோடும் இன்னொருவனுக்குத் தண்ணீர் இல்லாமலும் கொடுத்தால் அது பரீட்சையா? தட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். சிஸ்டர் பிறிஜெற் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசிப் பையன் கெட்டிக்காரன். தலையணையில் சாய்ந்திருந்தவரின் முதுகுப் பக்கம் குழாயை வைத்து, கவனமாகக் கேட்டு, “மூச்சுச் சத்தம் இல்லை, சேர்” என்றான். தண்ணீர் நிறைந்த நெஞ்சுக்கு அது சரியான விடை.

“எந்தப் பக்கம்?” என்றேன்.

மறுபக்கமும் வைத்துக் கேட்டான்.

“ரெண்டு பக்கமும், சேர்.”

பின்னேரம் ஹியூபேட்டின் பெயர் லிஸ்ற்றில் இருந்தது. இன்றைக்கு அவன் டொக்டர். உங்களிடம் வந்து என்னைப் பற்றிச் சொன்னவனும் அவன்தான் என்று தெரியும். அவன் சொன்னதெல்லாம் உண்மை. தண்ணீரை எடுக்கவேண்டாம் என்றது நான். எதற்காக வைத்திருந்தேன், யாருக்காக வைத்திருந்தேன் என்பதும் சொல்லிவிட்டேன். எடுத்திருந்தால் மீரா சாஹிப் பெருநாளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருப்பார். மறுக்கவில்லை.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். என் வார்ட்டில், லைசென்ஸ் இல்லாத எவனும் அந்த மனிதருக்கு ஊசி வைக்கவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன்.