விளக்கை அணைத்த பிறகு

ஹார்ன்பரி கலை ரசனைச் சங்கத்தில் தேநீரை வாயில் வைக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். தேநீருக்காகச் சேர ஆசைப்பட்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தேவாலய மண்டபத்தில் கூடுவார்கள். லண்டனிலிருந்து யாராவது வந்து, திரையில் ஓவியங்களைக் காட்டிப் பேசுவார். விளக்கை அணைத்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது, பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. அங்கே அதுதான் நாகரிகம். விளக்கு எரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு "அருமை, அருமை" என்று கைதட்டுவார்கள். ஓவியம் பற்றி என் பூனைக்கு இவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

மண்டபத்து நாற்காலிகளின் எண்ணிக்கைக்கு மேல் உறுப்பினர் சேர்ப்பதில்லை. காத்திருப்பவர்களில் வருடக்கணக்காக நான்தான் முதல் ஆள். தலைவி தெல்மா கார்பெட் என் பக்கத்து வீட்டுக்காரி. போனால் போகிறதென்று எப்போதாவது விருந்தாளியாக அழைத்துப் போவாள். ஒருமுறை ஒரு டச்சு ஓவியத்தின் வெளிச்சத்தைப் பற்றி நான் எழுந்து பேசினேன். தெல்மா எல்லோர் முன்னிலும் புன்னகைத்தாள்.

"ரொம்ப அழகாப் பேசினீங்க க்ளாடிஸ். இந்தப் படத்தப் பத்தி இல்ல, அவ்வளவுதான்."

மண்டபமே சிரித்தது. அன்று எனக்கு வலித்தது, உங்களிடம் அதை மறைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், எனக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று கேட்டேன்.

"யாராவது கண்ண மூடினாத்தான். ஆனா எங்க ஆளுங்க எல்லாம் கெட்டி உசுரும்மா."

நவம்பர் கூட்டத்தில் அவள் அருகே உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு நெஞ்சுவலி உண்டு. நாக்குக்கு அடியில் பீய்ச்சிக்கொள்ளும் மருந்து எப்போதும் கைப்பையில் இருக்கும். இருட்டில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பை நழுவி என் காலடியில் விழுந்தது.

"பை... என் பைய எடுங்க..."

காலால் அதை என் நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். "உஷ், அவர் பேசிட்டிருக்கார்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்வரிசை ரூபர்ட் டான்ஸ்லி எட்டிப் பார்த்தார்.

"தெல்மாவுக்கு என்னாச்சு?"

"தூங்கறாங்க."

"அடடா, சரி சரி, விடுங்க."

பேச்சு உண்மையிலேயே நன்றாக இருந்தது. ட்யூலிப் மலர்களை வரைவதைப் பற்றி. அவள் பிடி தளர்ந்த பிறகு நிம்மதியாகக் கேட்க முடிந்தது. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், அவள் தூக்கத்தைக் கலைக்காமல் மெல்ல. குசுகுசுவென்று பேசியபடி தேநீர் குடித்தார்கள். அவளைச் சுற்றியிருந்த நாற்காலிகளைச் சத்தமில்லாமல் மடித்து அடுக்கினார்கள். மண்டபத்தைப் பூட்ட வந்தவர் அவள் தோளைத் தொட்டபோதுதான், உயிர் போய்விட்டது என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே எனக்கு உறுப்பினர் அட்டை வந்தது.

ஆமாம், மருந்து எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். கொடுத்தால் பிழைப்பாள் என்றும் தெரியும். கொடுக்கவில்லை. நான்தான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அற்பக் கூட்டத்தில் ஓர் இடத்துக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்கள் என் கால்தூசிக்குப் பெறமாட்டார்கள்.

வருகிற வியாழக்கிழமை கூட்டம் இருக்கிறது. அதற்குள் என்னை விட முடியாதென்றால், என் நாற்காலியை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாமென்று தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.