எலும்பு ஒன்றும் கழற்றப்படவில்லை

14.09.2025 ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணியளவில், நெய்வேலி நகரியத்துக் காவல் நிலையத்தில், உதவி ஆய்வாளர் திருமதி திலகவதி அவர்கள் முன்பாக நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் சிங்காரவேல், தகப்பனார் பெயர் கோவிந்தசாமி, வயது 57. மேற்படி நகரியம் பதினெட்டாம் பிளாக் குவார்ட்டர்ஸில் என் மனைவி அம்சவல்லியுடன் குடியிருந்து வருகிறேன். நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தின் ஆபரேட்டராக முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன், பர்மனென்ட். நான் தோண்டிய பள்ளத்தை இன்னும் நான்கு விரற்கடை ஆழப்படுத்தியிருந்தால் பூமியின் மறுபக்கத்துக்காரர்கள் எட்டிப் பார்த்து நலம் விசாரித்திருப்பார்கள் என்று நான் கூறியபோது, நடந்ததை மட்டும் சொல்லும்படி உதவி ஆய்வாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இந்த வாக்குமூலம் முடியும் வரை யானை, பூகம்பம், எமதர்மராஜா ஆகிய மூவரையும் துணைக்கு அழைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டு மேற்கொண்டு சொல்கிறேன்.

சென்ற ஆண்டு அக்டோபர் மாதம் முதல் எனக்கு இடுப்பு வலி இருந்து வந்தது. எட்டு மணி நேர ஷிப்ட் முழுவதும் இயந்திரத்தின் இருக்கை அதிர்ந்துகொண்டே இருக்கும், அந்த அதிர்வு நாளடைவில் என் இடுப்பில் குடியேறிவிட்டது. அந்த வலியில் ஒரு வயரைச் சொருகியிருந்தால் மூன்று மாவட்டத்துக்கு மின்சாரம் கொடுத்திருக்கலாம். உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் ஷிப்ட் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே போய்வந்தேன். எங்கள் பஸ்ஸில் அவரவர் இருக்கை அவரவருக்கு, அடுத்தவர் உட்காரும் வழக்கம் இல்லை. ஆகையால் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் பத்து மாதங்களாக என் டிபன் பை மட்டும் உட்கார்ந்து பயணம் செய்தது. வலி மாத்திரையும் பெல்ட்டும் தைலமும் கொஞ்ச நேரத்துக்குக் கேட்டன. தினமும் காலை ஐந்து மணிக்கு அம்சவல்லி கீழே உட்கார்ந்து என் சேஃப்டி ஷூவின் கயிற்றைக் கட்டிவிடுவார்.

அதன் பிறகு, ஆகஸ்ட் மாத முதல் வாரத்தில், மெயின் பஜாரில் சாதிக் அலி என்பவரின் தையல் கடைக்கு மேல் உள்ள வாடகை அறைக்கு அம்சவல்லி என்னை அழைத்துப்போனார். அங்கே சிகிச்சை செய்பவர் சாஹிரா, வயது சுமார் முப்பது, நெல்லிக்குப்பத்தைச் சேர்ந்தவர். பிசியோதெரபி பட்டம் பெற்று, அதற்கு மேல் ஆஸ்டியோபதி படித்தவர், சான்றிதழ்கள் சுவரில் மாட்டப்பட்டுள்ளன. ஆஸ்டியோபதி என்பது ஏதோ வெளிநாட்டுத் தைலம் என்று நினைத்து நான் கையோடு ஒரு காலி பாட்டில் கொண்டுபோயிருந்தேன். அங்கே தைலம், மாத்திரை, ஊசி, கத்தி எதுவும் இல்லை என்றும், ஒரு கட்டிலும் அவருடைய இரண்டு கைகளும் மட்டுமே இருந்தன என்றும் உறுதியாகச் சொல்கிறேன்.

முதல் அரை மணி நேரம் சாஹிரா என் இடுப்பைத் தொடவே இல்லை. கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, எடை குறைந்ததா, காய்ச்சல் வந்ததா, எப்போதாவது கீழே விழுந்தேனா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஸ்கேன் படத்தை ஜன்னலில் வைத்துப் பார்த்தார். நடக்கச் சொன்னார், குனியச் சொன்னார், நான் பாதி குனிந்து கூப்பிட்ட தெய்வங்களின் பெயர்களையும் பொறுமையாகக் கேட்டார். அதன் பிறகு என்னைப் படுக்கவைத்து, கணுக்கால், தொடை, இடுப்பு மூட்டு, விலா எலும்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இடுப்பு வலிக்கு விலாவில் என்ன வேலை என்று நான் கேட்டேன். அதற்கு அவர், "அங்கிள், வலிக்கிற எடம் கத்துற எடம்தான். மக்கர் பண்ற எடம் வேறயா இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது பின்வருமாறு. எலும்பு, மூட்டு, தசை, அவற்றைச் சுற்றியுள்ள சவ்வு, நரம்பு, ரத்த ஓட்டம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை. ஓரிடம் இறுகி நின்றுவிட்டால் அதன் வேலையையும் சேர்த்துப் பக்கத்து இடம் செய்யும், செய்து செய்து ஓய்ந்து ஒருநாள் கத்தும். எங்கள் சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டில் எங்கோ ஒரு உருளை சுற்றாமல் நின்றால் பெல்ட் வேறு எங்கோ கோணிக்கொண்டு கிழிவது போன்றது இது. கிழிந்த இடத்தை மட்டும் ஒட்டிப் பயனில்லை, நின்றுபோன உருளையைத் தேட வேண்டும். என் விஷயத்தில் அந்த உருளை வலது இடுப்பு மூட்டு. சாஹிரா அதைக் கையால் மெதுவாக இழுத்தும், அசைத்தும், இறுகிய தசையை அழுத்திப் பிடித்தும், மூச்சை விடச் சொல்லியும் தளர்த்தினார். மற்றதை உடம்பே சரிசெய்துகொள்ளும் என்றார். ஓரிரு முறை 'டப்' என்று சத்தம் வந்தது. அது மூட்டுக்குள் இருக்கும் காற்று எழுப்பும் சத்தம் என்றும், சொடக்குப் போடும்போது விரலில் வருவதும் அதுதான் என்றும் சொன்னார். இந்த வைத்தியம் எல்லா வலிக்கும் கேட்கும், எல்லோருக்கும் கேட்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். வீட்டில் செய்ய மூன்று பயிற்சிகள் கொடுத்து, செய்யாமல் வந்தால் படியேறவே வேண்டாம் என்றார்.

அதன் பிறகு, மூன்றாவது முறை போய்வந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு அம்சவல்லி வாசலுக்கு வந்தபோது நான் ஷூ கயிற்றைக் கட்டி முடித்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, முடிச்சு கோணலாக இருக்கிறது என்று சொல்லி, அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

அன்றைய பஸ்ஸில் என் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு என் இருக்கையில் உட்கார்ந்தேன். ஐம்பது பேரும் திரும்பிப் பார்த்து, என்ன செய்தாய் என்று கேட்டார்கள். அந்த நிலையில் சாதாரணமான பதிலைச் சொல்ல என் நாக்குக்குப் பழக்கம் இல்லை. என் முதுகெலும்பின் முப்பத்து மூன்று எலும்புகளையும் சாஹிரா ஒவ்வொன்றாகக் கழற்றி, எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, காக்கா வராமல் அம்சவல்லி குச்சியோடு காவல் இருந்து, மாலையில் திரும்ப மாட்டினார் என்று சொன்னேன். மாட்டி முடித்தபோது ஒன்று மிச்சமாகிவிட்டது, பரவாயில்லை ஸ்பேராக இருக்கட்டும் என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார் என்றும் சொன்னேன். இதில் ஒரு சொல்லும் உண்மையில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பஸ் முழுவதும் சிரித்தது. முதல் இருக்கையில் இருந்த தெய்வசிகாமணி மட்டும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் சுரங்கத்தின் சேஃப்டி பிரிவில் இருப்பவர். ஒரு போல்ட் உருண்டாலும் தேதி, நேரம், இடம், கண்டவர் பெயர் போட்டு அறிக்கை எழுதுவது அவர் பழக்கம். என் பேச்சையும் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு இன்று காலை பத்தரை மணிக்கு நான்காவது சிகிச்சைக்காகக் கட்டிலில் படுத்திருந்தேன். அதே நேரத்தில் தெய்வசிகாமணி பேண்ட் அளவு கொடுக்க சாதிக் அலியின் கடைக்கு வந்திருக்கிறார். மேலே 'டப்' என்றது, தொடர்ந்து நான் "செத்தேன்" என்று கத்தினேன். டீ சூடாக இருந்தாலும் நான் அப்படித்தான் கத்துவேன். தெய்வசிகாமணி உடனே சட்டைப் பையில் இருந்த விசிலை ஊதி, கடையில் இருந்த அனைவரையும் வெளியேற்றி, எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் வரிசையில் நிற்கவைத்துத் தலை எண்ணினார். அதன் பிறகு ஸ்கூட்டர் பெட்டியில் இருந்த சிவப்பு வெள்ளை அபாய நாடாவை எடுத்து மாடிப்படியின் குறுக்கே கட்டி, நூறுக்குப் போன் செய்து, உரிமமின்றி மனித எலும்புகளைக் கழற்றி மாட்டும் இடம் என்று புகார் எழுதிக் கொடுத்தார்.

காவலர்கள் வந்து, விசாரணை முடியும் வரை அறையைப் பூட்டி வைக்கச் சொன்னார்கள். போலீஸ் வந்த மாடிக்கு இனி யார் ஏறுவார்கள், தையலுக்கும் ஆள் வராது, மாலைக்குள் அறையைக் காலி செய்துவிடம்மா என்று சாதிக் அலி சாஹிராவிடம் சொன்னார். சாஹிரா சுவரில் இருந்த சான்றிதழ்களைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். கட்டிலை விட்டு இறங்கிக் கதவருகே நின்று அதைப் பார்த்தேன். நிலையத்துக்கு நானும் வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்று காவலர்களிடம் கூறினேன்.

அதன் பிறகு நாங்கள் அனைவரும் இந்த நிலையத்துக்கு வந்தோம், தகவல் தெரிந்து அம்சவல்லியும் வந்து சேர்ந்தார். ஒரு எலும்பும் கழற்றப்படவில்லை என்று நான் சொன்னேன். பஸ்ஸில் சொன்னதற்கு ஐம்பது சாட்சி இருக்கிறது, இப்போது சொல்வதற்கு யார் சாட்சி என்று உதவி ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். என் ஐம்பத்தேழு வயதில் நான் உண்மை பேசி ஒருவரும் நம்பாதது இதுவே முதல் முறை. அம்சவல்லி எழுந்து, "இந்தாளு பேச்சுல முக்காவாசியக் கழிச்சிடுங்க மேடம். ஆனா பத்து மாசமா குனிய முடியாதவரு இப்போ குனியறாரு. அத நான் வூட்டுல பாத்துக்கினுதான் இருக்கறேன்" என்றார்.

தெய்வசிகாமணி இறங்கிவரவில்லை. "ஒரு மனுசன் செத்தேன்னு கத்துறாரு. கேட்டுக்கினு பேண்ட் அளவு குடுத்துட்டுப் போவச் சொல்றீங்களா?" என்றார். சொல்லும்போது இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அதைக் கவனித்த சாஹிரா, புகாரை விட்டுவிட்டு, தோள் எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டார். ஒரு மாதமாக என்றும், கையைத் தூக்க முடியவில்லை என்றும், மூன்று நாளாக மாடி ஏறும்போது நெஞ்சும் சேர்ந்து அடைக்கிறது, நின்றால் விடுகிறது என்றும் அவர் சொன்னார். தோளைப் பார்க்க நீட்டிய கையை சாஹிரா உடனே பின்னால் எடுத்துக்கொண்டார். "சார், இது நான் தொடக்கூடாத வலி. தோளு அப்புறம். மொதல்ல ஹார்ட்ட பாத்தாகணும், இப்பவே" என்றார்.

உதவி ஆய்வாளர் அவர்கள் தெய்வசிகாமணியை நிலையத்து ஜீப்பில் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், சாஹிராவும் உடன் போனார். ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் எடுத்து, இதயத்தில் கோளாறு இல்லை, அடைப்பது வாயுத் தொல்லை, தோள் மூட்டு தனியே இறுகியிருக்கிறது, ஆனால் உடனே வந்தது சரியான காரியம் என்று மருத்துவர் சொன்னதாக மூன்று மணிக்குத் திரும்பிவந்து தெரிவித்தார்கள்.

தெய்வசிகாமணி உட்காராமல் நின்றபடியே சொன்னார்: "ரிஸ்க்குன்னு தெரிஞ்சதும் கைய எடுத்துச்சு பாருங்க மேடம். எங்க மைன்ஸ்ல இத சொல்லிக் குடுத்தே எனக்கு முடி கொட்டிப்போச்சு. இந்தப் பொண்ணு எங்க டிபார்ட்மென்ட்டு." அதன் பிறகு புகாரை வாபஸ் வாங்குவதாக, தேதி, நேரம், இடம், கண்டவர் பெயருடன் எழுதிக் கொடுத்தார். சாதிக் அலிக்குப் போன் செய்து, அந்த மாடி நெய்வேலியிலேயே பாதுகாப்பான மாடி என்றும், நாடாவைத் தானே வந்து அவிழ்ப்பதாகவும் சொன்னார். சாஹிரா காலி செய்ய வேண்டாம், அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்துத் தருகிறேன் என்று சாதிக் அலி சொன்னது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சாஹிரா பையைத் திறந்து சான்றிதழ்கள் மடங்காமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி என் முறை, அதைத் தோளுக்காகத் தெய்வசிகாமணிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். அவர் கத்தினால் விசில் ஊத நான் கீழே நிற்பேன்.

இவ்வளவுதான் நடந்தது. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் வழக்கமாகச் சொல்லும் அளவில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் சாஹிராவைப் பற்றிச் சொன்ன அனைத்தும் நடந்தது நடந்தபடி உள்ளது, யாருடைய வற்புறுத்தலும் இல்லை. மேசை தாழ்வாக இருந்தபடியால் நின்றவாறே நன்றாகக் குனிந்து கையெழுத்திட்டேன். வலிக்கவில்லை.

(ஒப்பம்)
கோ. சிங்காரவேல்