இருபத்து மூணாவது கேள்வி

ஹலோ... என்னங்க, எங்க இருக்கீங்க?... கீழயா? எதுக்கு?... வண்டிய பாக்கவா? அது என்ன கன்னுக்குட்டியா, உங்களக் காணோம்னு கத்துச்சா?

... இல்ல, இன்னும் முடியல. டாக்டர் ரூமுக்கு வெளிய நின்னுதான் பேசுறேன்... ஆமா, ஆமா, கேட்டுட்டேன். நீங்க நோட்டு போட்டு எழுதிட்டு வந்து இருபத்திரண்டு கேள்வி கேட்டீங்க. இவ வெந்நீர்ல குளிக்கலாமா, வெயில்ல போகலாமா, தலைக்கு டை அடிக்கலாமா. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன், "இனிமே நாங்க ஒண்ணா இருக்கலாமா டாக்டர்"னு. திரும்பிப் பாத்தா நாற்காலி காலி.

... என்ன மானம் போச்சு? கல்யாணமாகி பதினெட்டு வருஷம். ரெண்டு பிள்ளைங்களும் தபால்லயா வந்தாங்க?

... டாக்டர் சிரிக்கல. பொறுமையா சொன்னாங்க. ட்ரீட்மென்ட் முடிஞ்சு ஒரு வருஷமாச்சு, தாராளமா இருக்கலாமாம். உள்ள வறண்டிருக்கும், அதுக்கு ஜெல் எழுதியிருக்காங்க. அவசரப்படக் கூடாது, வலிச்சா நிறுத்திட்டு வந்து காட்டணும்... இல்லங்க, ஒட்டாது. கர்ப்பப்பை கேன்சர் என்ன கண்வலியா?... ரேடியேஷன் குடுத்தா கரண்டு வச்ச உடம்பா, தொட்டா உங்களுக்கும் ஏறிடுமா? யாரு சொன்னா?... உங்க ஆபீஸ் கேஷியரா? அவரு எப்போ டாக்டருக்குப் படிச்சாரு?

அதுக்குத்தான் ஒரு வருஷமா ஹால்ல படுக்கையா? என் தூக்கம் கெடக் கூடாதுன்னு பாக்குறாருன்னு எங்க அக்காகிட்ட வேற பெருமையடிச்சு வச்சிருக்கேன்.

... சரி, அத விடுங்க. டாக்டர் என்னை ஒண்ணு கேட்டாங்க. அவருக்குப் பயமா, இல்ல விருப்பமே இல்லையான்னு. எனக்குத் தெரியல. கேட்டுட்டு வரேன்னு வெளிய வந்தேன். சொல்லுங்க.



... ம்.

... ம். எனக்கு வலிக்குமோன்னா?... அத என்கிட்ட சொல்ல ஒரு வருஷமா? இவ இனிமே எதுக்கும் ஆக மாட்டான்னு நீங்க முடிவு பண்ணிட்டதா நெனச்சேன். பாத்ரூம்ல குழாய தொறந்து விட்டுட்டு அழுதிருக்கேன்.

... சரி, சரி. மூக்க சிந்துங்க. வாட்ச்மேன் பாக்கப் போறாரு.

... இல்ல, டாக்டர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க... நர்ஸ் இருந்தா இருக்கட்டும்... வெக்கமா? ஒன்றரை மாசம் அந்த ரேடியேஷன் மேசை மேல கெடந்தேன். யார் யாரோ வந்து பாத்துட்டுப் போனாங்க. கட்டின புருஷன் ஒருத்தர்தான் இன்னும் பாக்கல.

... ம். வாங்க... ஏன், லிஃப்ட்டுக்கு என்ன?... லைன் கட்டாயிடும்னு படியிலயா? நாலு மாடிங்க... சரி, பேசாதீங்க, வைக்காமயும் இருங்க... ம்... மெதுவா... மெதுவா வாங்க...

ம். தெரியுறீங்க. வைக்கிறேன்.