பச்சைக் கோடு

— கம்பியை விட்டுட்டு நடங்க, ஆம்ப்ரோஸ் அண்ணா. ட்ரெட்மில் பெல்ட் ரெண்டு கிலோமீட்டர் வேகத்துலதான் ஓடுது, விழ மாட்டீங்க.

— நடக்குறேன் பிரபா மேடம். ரெண்டு கால்லயும் ஒயர் ஒட்டினீங்க, திரையில ஒரு பச்சைக் கோடுதானே ஓடுது?

— ஒவ்வொரு காலா பாக்கலாம்ணா. தசை வேலை செஞ்சா கோடு எழும்பும்.

— அப்ப இது நல்ல கால்தான். பாருங்க, அடிக்கு ஒரு தடவை குட்டியா மேடு கட்டுது.

— ம்... மூணுக்கு ஏத்துறேன்.

— அடேங்கப்பா, மேடும் கூடவே உயருதே. நான் ஒண்ணும் சொல்லலையே மேடம், அதுக்கு யாரு சொன்னது?

— யாரும் சொல்ல வேண்டாம். வேகம் கூடினா கெண்டைச் சதை தானா ஜாஸ்தி வேலை செய்யும். பாதம் தரையை விட்டுக் கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு தள்ளு தள்ளும், அதுதான் அந்த மேடு.

— சிவாஜிநகர் மிலிட்டரி ஹோட்டல்ல இருபது வருஷம், கையில நாலு பிளேட்டோட ஓடின காலு மேடம். சும்மா வருமா? கால் மேல லாரி ஏறினதுக்கு அப்புறம் டோக்கன் கிழிக்க உக்கார வெச்சுட்டாங்க.

— பேட்டரில அசையுற செயற்கைப் பாதம் கிடைச்சா என்ன பண்ணுவீங்க?

— மறுபடியும் சர்வர். முதலாளி வாக்கு குடுத்திருக்கார். ஆனா முழங்காலுக்குக் கீழ மிச்சமிருக்குற துண்டுல உசுரு இருந்தாத்தானே தருவீங்க?

— ஆமாண்ணா. அந்தச் சதை சொல்றதைக் கேட்டுத்தான் அந்தப் பாதம் அசையும்.

— அங்கதான் இடிக்குது. ஆறு வருஷமா பொய்க்காலுக்குள்ள அடைச்சுக் கிடக்கு. அறுந்த பல்லி வாலே கொஞ்ச நேரம்தான் துடிக்கும்.

— வேகத்தை நாலரைக்கு ஏத்துறேன். முடியுமா?

— போங்க. ஏழாம் நம்பர் டேபிள்ல ஆள் கத்துறான்னு நெனச்சுக்கறேன்.

— கோட்டைப் பாருங்கண்ணா.

— பாத்துட்டேதான் இருக்கேன். பனி விலகினதும் நந்தி மலை தெரியுமே, அப்படி நிக்குது. ஒரு அடிகூட தவறல. அம்பது வருஷமா இந்த உடம்புலதான் குடியிருக்கேன், உள்ள இப்படி ஒண்ணு நடக்குதுன்னு எனக்கே தெரியாது.

— இதை அப்படியே பதிவு பண்ணி வெச்சுக்கறேன்ணா.

— நல்ல கால் நல்லா இருக்கறதுல பதிவு பண்ண என்ன இருக்கு? நிறுத்துங்க மேடம், அந்த இன்னொண்ணையும் பாத்துடுங்க. இந்தப் பயம் எனக்குத் தாங்கல.

— நல்ல காலோட கோட்டை நான் இன்னும் ஆன் பண்ணவே இல்லண்ணா.