மருந்து சேராத குளிர்ச்சி

கூலிங் பேட்ச் என்கிற நீலத் துண்டை ஒட்டுவதற்கு முன் தோலை ஈரம் போகத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது. புண்ணோ கொப்புளமோ இருந்தால் அதன்மேல் ஒட்டக் கூடாது. குளிர்ச்சி போனதும் எடுத்து எறிந்துவிட வேண்டும். எல்லாம் எளிய விஷயங்கள்தான், மேடம். ஆனால் பொறுமையாகச் செய்கிறவர்கள் குறைவு. நான் செய்தேன்.

என் மனைவி லூர்தம்மாளுக்கு வெகுநாளாக மூட்டுவலி. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தபோதே மாடிப்படி ஏறச் சிரமப்படுவாள். நான் ஓய்வுபெற்று கோவில்பதாகையில் வீடு கட்டியபோது, அவளுக்காகவே வாசலில் படி வைக்காமல் சரிவாகக் கட்டினேன். மாத்திரை மட்டும் வாங்கித் தரவில்லை. எங்கள் சபையில் சில குடும்பங்கள் மருந்து எடுப்பதில்லை. கட்டாயம் ஒன்றும் கிடையாது, அவரவர் விசுவாசம். நான் அந்தச் சிலரில் ஒருவன். அவள் கத்தோலிக்க வீட்டுப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு அவளும் என் வழிக்கு வந்தாள்.

அதனால்தான் அந்த நீலத் துண்டு எனக்குப் பிடித்துப்போயிற்று. மருந்துக் கடையில் நிற்கும் சிம்ரன் என்ற பெண் சொன்னாள்: "இதுல மருந்தே கெடையாது சார். சும்மா குளுகுளுன்னு இருக்கும், அவ்ளோதான்." நான் மறுபடியும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். தண்ணீரும் பசையும் மட்டும். விசுவாசத்துக்கு விரோதமாக அதில் எதுவும் இல்லை.

நல்ல சுகம் கொடுத்தது. காலையில் நானே ஒட்டிவிடுவேன். "இன்னாய்யா, என்னிய மீன் பொட்டில வெச்ச மாரி ஆக்கிட்ட. நாறாம இருந்தா சரி" என்று சிரிப்பாள். சமையலறைக்கும் வாசலுக்கும் தானாக நடந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். கர்த்தர் இவளை மருந்தில்லாமல் நடத்துகிறார், இவள் ஒருநாளும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டாள் என்றேன். அவளை முன்னால் வரச் சொன்னேன். நடந்து வந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் எனக்காக ஒருவரும் கைதட்டியதில்லை. சேலைக்குள் இருந்த பேட்சைப் பற்றி நான் சொல்லவில்லை. அது மருந்து இல்லையே.

மழை பிடித்த பிறகு அவளுடைய வலது முழங்கால் வீங்கியது. பழைய வீக்கம் போல இல்லை. சிவந்து, தொட்டால் சுட்டது. காய்ச்சலில் உடம்பு உதறியது. ஒட்டிய துண்டு கொஞ்ச நேரத்திலேயே வறண்டுவிடும். நான் சலிக்காமல் மாற்றினேன்.

"யோவ், இது வேற மாரி நோவுதுய்யா. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

"அத்தினி பேர் முன்னாடி நீதான நடந்து வந்த?"

"நடந்தது நானு. பேசுனது நீ. உன் பேச்சுக்கு என் காலு இன்னாய்யா பண்ணும்?"

பிறகு, மாதாவே, மாதாவே என்று முனகினாள். அந்தப் பெயரை என் வீட்டில் கேட்க வருத்தமாக இருந்தது. ஆனாலும் நான் கோபப்படவில்லை. புதிய துண்டை ஒட்டினேன்.

கடைக்குப் போனபோது சிம்ரன் விவரம் கேட்டாள். "காய்ச்சலோட வீங்கிகீதுன்னா இது வேலைக்கு ஆவாது சார். மேல குளுந்தாலும் உள்ள சீழ் வெச்சிருக்கும். மொதல்ல டாக்டராண்ட காட்டுங்க." நான் தலையசைத்தேன். கடையில் இருந்த பாக்கெட்டுகளையெல்லாம் வாங்கிக்கொண்டேன்.

பாஸ்டர் உதயகுமார் வாசல்வரை வந்தார். "அண்ணே, நானே சுகருக்கு மாத்திரை போடறவன். கர்த்தர் உங்ககிட்ட இத்த கேக்கல. வண்டி எடுத்துகினு வரட்டா?" அவள் தேறிவிட்டாள், தூங்குகிறாள் என்றேன். அவர் விசுவாசத்தின் அளவு எனக்கு அன்று புரிந்தது.

பக்கத்து வீட்டு சுதா ஜன்னலில் நின்று, "அக்கா, ஆட்டோ கூப்டட்டா?" என்றாள். லூர்தம்மாள், "கூப்புடுடி, புண்ணியமாப் போவும்" என்றாள். ஆட்டோ வந்தது. டிரைவருக்கு வந்துபோன கூலியைக் கொடுத்து, தேவையில்லை என்று அனுப்பிவைத்தேன். அதன்பிறகு ஜன்னல்களைத் திறக்கவில்லை. வெளியே போகும்போது கதவைப் பூட்டினேன். அவளுடைய போன் என் சட்டைப் பையில் இருந்தது. ஒருமுறை திரும்பி வந்தபோது, உள்ளே சுதாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்றேன். குரல் கம்மிக்கொண்டே வந்து நின்றுபோயிற்று. அந்த அமைதியை நான் சமாதானம் என்றே எடுத்துக்கொண்டேன். உள்ளே போய், தோலைத் துடைத்து, துண்டை மாற்றினேன்.

செத்துவிடுவாள் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஆட்டோவைத் திருப்பி அனுப்பியபோதே தெரியும். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அடுத்த ஞாயிறு நான் எந்த முகத்தோடு சபையில் உட்கார்வது? அதைத்தான் யோசித்தேன். கடைசியாக ஒட்டிய துண்டு சூடேறவே இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன்.

ஒன்றை மட்டும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கடைசிவரை அவள் உடம்பில் ஒரு சொட்டு மருந்து ஏறவில்லை. ஆஸ்பத்திரி வாசலையும் அவள் மிதிக்கவில்லை. உங்கள் போலீஸ்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் சொன்ன சாட்சியில் பொய் இல்லை. வருகிற ஞாயிறு ஒரு மணி நேரம் மட்டும் என்னை அனுப்பிவையுங்கள். சபையில் எழுந்து அதையும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.