கடித்த பூ

மாலை ஏழு மணி. மலைப்பாதை. ஒரு ஈ காக்காய் இல்லை... மழை வேறு. என் சிநேகிதனின் சின்ன மாமா, கையில் டார்ச்சோடு தலைதெறிக்க ஓடுகிறார். விருந்தினர் மாளிகை ஒன்றில் வாட்ச்மேன் அவர். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான். பேய் என்றாலே விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள்... இதோ, இந்தக் கதையைக் கேட்டு மூலையில் போர்வைக்குள் சிரிக்கிறாரே, அவரைப் போல.

அன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வயது மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மாளிகைத் தோட்டத்தில் விளையாடப் போனவள் வாசற்படியில் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. வாயில் பூ வாடை. டாக்டரம்மா பதறிவிட்டார்.

"அரளியும் இருக்கு, மணி மாதிரித் தொங்குற வெள்ளைப் பூவும் இருக்குங்கறீங்க. ரெண்டும் விஷம். ரெண்டுக்கும் மருந்து வேற வேற. மாத்திக் குடுத்தா அவ்வளவுதான். கடிச்ச பூவைத் தேடிக் கொண்டு வாங்க. ஓடுங்க!"

வண்டி எதுவும் கிடைக்கவில்லை. ஓடியே வந்து சேர்ந்தார்.

கேட்டைத் தள்ளினார். க்ரீச்... வாசனை முகத்தில் மோதியது. இந்தப் பக்கம் மணிப்பூப் புதர், அந்தப் பக்கம் அரளி. கீழே மழையில் உதிர்ந்த பூக்கள், நூறு, இருநூறு... பல் பட்டது எது? முட்டி போட்டுச் சேற்றைத் துழாவினார். முடியவில்லை. வாய்விட்டு அழுதார்.

சளக்... சளக்...

மணிப்பூப் புதருக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. வெளுத்த சேலை. முகம் தெரியவில்லை. உள்ளங்கையில் ஒரு மணிப்பூ. அதில் சின்னச் சின்னப் பல்தடம்.

"இதாங்க. சீக்கிரம் போங்க. எம்புள்ளைக்கு நான் தப்பா அரளியக் கொண்டுபோய்க் காட்டிட்டேன்..."

யார் என்ன என்று கேட்க ஏது நேரம்? வாங்கிக்கொண்டு ஓடினார். பாதி வழியில்தான் உறைத்தது. அவ்வளவு மழையிலும் அந்தச் சேலை நனையவே இல்லை... அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பூவைப் பார்த்ததும் டாக்டரம்மா ஊசி போட்டார். விடியும்போது மகள் கண் திறந்தாள். மாமா அவள் காலைக் கட்டிக்கொண்டு தேம்பினார்.

"ஏன்டா கண்ணு அதைக் கடிச்ச?"

"அண்ணன்தான்ப்பா குடுத்தான். அடியில தேன் இருக்கும், உறிஞ்சுன்னு சொன்னான்."

இவள் ஒரே பிள்ளை. அந்த மாளிகையில் வேறு குழந்தையே கிடையாது.

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்கம்மா உன்கிட்ட பூவக் குடுத்துட்டாங்களாம். அவனுக்குக் கோவம். இனிமே என்னோட பேச மாட்டானாம்ப்பா..."

ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த அறையில் அந்த மணிப்பூ வாசனை மெல்ல ஏறியது. கட்டிலுக்கு அடியில்... ஸ்ர்ர்ப்... ஸ்ர்ர்ப்... யாரோ தேன் உறிஞ்சுகிற சத்தம்.