வெள்ளாற்றுப் பாலத்தில் நிற்கும் வண்டி

அமிர்தம்: ...மறுபடியும் அதே எடத்துலதான்டா. முட்லூர் தாண்டி, வெள்ளாத்துப் பாலத்துல முன் டயரு ஏறுது... பொட்டுனு கம்ப்யூட்டர் நின்னு போவுது.

இளவரசு: கம்ப்யூட்டர மாட்டிக் குடுத்து ஒரு மாசம்கூட ஆவலயேக்கா! எல்லாம் புது சாமான். ஸ்பீக்கர்ல போடு. மாமா இருக்காரா?

தேவநாதன்: இருக்கேன் மச்சான். விடு. ஓடுற வண்டின்னா நிக்கத்தான் செய்யும்.

இளவரசு: அது வண்டியில்ல மாமா, கம்ப்யூட்டரு.

தேவநாதன்: வண்டி ஓட்டுற கேமைப் போட்டுக் குடுத்துட்டு இப்ப வண்டியில்லங்குற. ஸ்டேரிங்கு குடுத்த, பிரேக்கு குடுத்த, ஆக்சிலேட்டரு குடுத்த. கிளட்ச்ச மட்டும் எவனுக்குக் குடுத்த?

இளவரசு: அதுல கிளட்ச்சே தேவையில்ல மாமா...

தேவநாதன்: முப்பது வருசம் மிதிச்ச கால்டா. சும்மா கெடன்னா கெடக்குமா?

அமிர்தம்: பேச்ச மாத்தாதீங்க. தம்பி, நீ இன்னா ஏதுன்னு பாரு. எனக்கு இன்னிக்கு இவரு சிதம்பரம் போய்ச் சேந்தாவணும்.

இளவரசு: சரி, திரையில மேல ஓரமா ஒரு நம்பரு வருதில்ல? அதான் உள்ள இருக்குற சூடு. நிக்கறதுக்கு முன்னாடி எவ்ளோ இருந்துச்சு?

அமிர்தம்: தொண்ணூத்தெட்டு.

இளவரசு: ஐயய்யோ! அதான். நூறத் தொட்டா தன்னைக் காப்பாத்திக்க அதுவே ஆஃப் ஆயிடும். உள்ள ஃபேன் சுத்துதா?

அமிர்தம்: சுத்துற சத்தம் கேக்குது. பாக்க முடியல.

இளவரசு: ஏன் பாக்க முடியல? சைடுல கண்ணாடி போட்ட பெட்டியில்ல குடுத்தேன்?

அமிர்தம்: ...சொல்லுங்க. உங்க மச்சான் கேக்குறான்ல.

தேவநாதன்: உறை போட்டிருக்கேன்.

இளவரசு: என்னா உறை?

தேவநாதன்: பானெட் உறை.

இளவரசு: எந்த பானெட்டு?

அமிர்தம்: எல்லாம் அந்தப் பழைய ரெக்சின் உறைதான்டா. உள்ள தேங்கா நாரு வச்சுத் தைச்சது. இஞ்சின் சூடு மேல வராம இருக்க, பஸ்சுல டிரைவர் பக்கத்துல பானெட்டு மேல போட்டிருப்பாரே, அது. வண்டி மாறினாலும் உறையத் தூக்கினு போவாரு.

இளவரசு: அதப் போயி கம்ப்யூட்டர் மேல போத்தி விட்டுருக்கீங்களா மாமா! சூடு வெளிய போவணும்னு நான் நாலு ஃபேன் வச்சா...

தேவநாதன்: கைய வச்சா சுட்டுதுடா. உங்கக்கா பக்கத்துல உக்கார்றா. அவ காலு பட்டுட்டா?

இளவரசு: அக்கா காலுக்காகவா இந்த உறை?

அமிர்தம்: அத ஏன்டா கேக்குற. கல்யாணம் ஆன புதுசுல, வண்டியில எடமில்லன்னு என்னை பானெட்டு மேல உக்கார வச்சு சிதம்பரம் கூட்டியாந்தாரு. புதுச்சத்திரம் வர்றதுக்குள்ள நெளிஞ்சு போயிட்டேன். மறுநாளே அந்த உறையத் தைக்கக் குடுத்துட்டாரு.

தேவநாதன்: அதுல அப்புறம் காலேஜ் பசங்கதான் ஜாஸ்தி உக்காந்தானுங்க. எறங்கும்போது "தேங்க்ஸ்ண்ணே"ன்னு தோள்ல ஒரு தட்டு. அண்ணாமலை நகருக்கு எத்தினி பசங்களக் கொண்டுபோய் விட்டிருப்பேன்... இப்ப ஒருத்தன் மூஞ்சிகூட ஞாபகம் இல்ல. அந்தத் தட்டு மட்டும் இருக்கு.

இளவரசு: அதுமாதிரி பசங்கதான் மாமா இந்த ரோட்டையே கேமுல செஞ்சு குடுத்தாங்க. நீங்க கடசி ட்ரிப்பே ஓட்டலன்னு சொன்னேன். ராவும் பகலுமா உக்காந்தானுங்க.

அமிர்தம்: அந்த ஏப்ரல்ல கொரோனான்னு ஒரு பஸ்சும் ஓடல. ரிட்டயர்டு ஆவுற அன்னிக்கு காக்கிய மாட்டினு நாள் பூரா வீட்டு வாசல்லயே நின்னாரு. மாலை இல்ல, மேளம் இல்ல...

தேவநாதன்: அதெல்லாம் இப்ப எதுக்கு?

இளவரசு: உறைய எடுங்க மாமா. செவத்துலேர்ந்து பெட்டிய ஒரு சாண் இழுத்து வைங்க. ...வச்சாச்சா? மறுபடி ஆன் பண்ணி முட்லூர் ஸ்டாப்புலேர்ந்து எடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.

தேவநாதன்: இன்னிக்கேவா? ஆற அமரப் பாத்துக்கலாமே...

அமிர்தம்: எடுங்கன்னா எடுங்க.

இளவரசு: ...அக்கா, அது இன்னா விசில் சத்தம்?

அமிர்தம்: குக்கருடா.

இளவரசு: குக்கரு ரெண்டு விசில் குடுத்துட்டு "போலாம் ரைட்"னு சொல்லுமா?

தேவநாதன்: உங்கக்காதான் கண்டக்டரு. கொஞ்சம் கத்துவா. ஆனா என் பழைய கண்டக்டரு பழனிவேல் மாதிரி ஸ்டாப்புல டீ குடிக்கப் போய் ஆளக் காணாம அடிக்க மாட்டா.

இளவரசு: ஹஹ... நம்பரு எவ்ளோ?

அமிர்தம்: அறுவத்தொண்ணு. எறங்கிப் போச்சுடா! பாலம் தெரியுது... ஏங்க, ஏன் ஸ்லோ பண்றீங்க? பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்... அடச்சே!

இளவரசு: என்னாச்சு?

அமிர்தம்: போச்சு. அதே எடம்.

இளவரசு: அறுவத்தொண்ணுலயா நின்னுச்சு?

அமிர்தம்: அறுவத்திரெண்டு.

இளவரசு: இருக்காதே... சூட்டுக்குப் பாலம் தெரியுமாக்கா? தினம் தினம் கரெக்டா அங்கயே வந்து நிக்க? ...ஒயர் எல்லாம் செருகின ஸ்விட்ச் பாக்ஸ் எங்க இருக்கு?

அமிர்தம்: மேசைக்கு அடியிலதான். குனிஞ்சு பாக்குறேன் இரு... ஏங்க. உங்க இடது காலு ஏன் ஸ்விட்ச்சு மேல இருக்கு?

இளவரசு: மாமா, நீங்களேவா ஆஃப் பண்றீங்க?

தேவநாதன்: மொத வாட்டி நெசமாவே சூட்டுலதான் நின்னுச்சு மச்சான். பாலத்துல. அன்னிக்கு எனக்குக் கோவமே வரல. அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம்... காலு பழகிப் போச்சு.

அமிர்தம்: நான் தினம் பக்கத்துல உக்காந்து விசில் ஊதுறேன்... ஒரு வார்த்த சொல்லக் கூடாது?

இளவரசு: நீ இரு அக்கா. மாமா, நானும் ஒண்ணு மறைச்சுட்டேன். கேமுல சிதம்பரம் ஸ்டாண்டுல பசங்க ஆளுங்கள நிக்க வச்சிருக்கானுங்க. கையில மாலையோட. ஓரமா ஒரு மேளக்காரரு. நீங்க வந்து எறங்கணும்னு... கம்ப்யூட்டரு குடுத்த நாள்லேர்ந்து உங்களுக்காகத்தான் நின்னுட்டிருக்காங்க மாமா.

தேவநாதன்: நிக்கட்டும் மச்சான்... அவுங்க நிக்கிற வரைக்கும் நான் டூட்டியிலதானடா இருக்கேன்.